இயந்திரப் படகின் முகப்புத் திரை

தமிழாசிரியன் ஒருவன் இலக்கணத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ எழுதாது, இயந்திரப் படகின் முகப்புத் திரையைப் பற்றி எழுதப் புகுந்தமை இம்மலரைப் படிப்போருக்கு வியப்பை அளிக்கலாம். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபொழுது யானும் சங்கப் பாடல்களிற் காணும் மரக்கலங்களைப் பற்றி எழுதவே எண்ணியிருந்தேன். ஆயின், சென்ற ஈராண்டுகளாக எனது விடுமுறை நாள்களை எல்லாம் விழுங்கிய மரக்கலம் வேறொன்று. அது காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையிற் கிடந்தது. அதனைப் பற்றி எழுதுவதே நேர்மை என்று தோன்றியது.

இக்கல்லூரியிற் பயின்று, பின்னர்க் கொட்டகலை ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இப்பொழுது பொகவந்தலாவையில் ஆசிரியத் தொழில் செய்து வருகின்றேன். எனக்குச் சில வகுப்புகள் பின்னே பயின்ற பழைய மாணவர் ஒருவர் இப்பகுதியில் மோட்டார் வண்டிகள் திருத்தும் தொழில் செய்கின்றார். அவர் பழைய விளையாட்டு இயந்திரப் படகொன்றை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளம். மலைவேம்பின் நிறத்தை ஒத்த செம்பலகை. முன்பகுதி முழுவதும் பலகையால் மூடி, நடுவே சாரதிக்கும் மற்றொருவருக்கும் இருக்கை. துறைமார் தம் பங்களாக்களில் வாழ்ந்த காலத்தது என்பர். இயந்திரம் இருந்தது, சுக்கான் இருந்தது, முகப்புத் திரை மாத்திரம் இல்லை. அது நின்ற இடத்தில் வரிசையாகச் சில ஆணித்துளைகளே எஞ்சியிருந்தன. நண்பர் என்னிடம் வந்தது படகுக்கு ஒரு நல்ல தமிழ்ப்பெயர் கேட்கவே. பெயர் கேட்க வந்தவர் கண்ணாடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யானும் கேட்கத் தொடங்கினேன்.

கராஜில் எல்லாரும் 'வின்ஸ்கிறீன்' என்றே சொல்வர். தமிழில் இதனைத் திரை என்று சொல்லலாம் என்றேன். திரை என்பது மறைப்பையும் குறிக்கும், அலையையும் குறிக்கும். திரையிலிருந்து காக்கும் திரை என்பது பொருத்தமே. நண்பர் சிரித்தார். "பெயர் கிடைத்துவிட்டது மாஸ்டர், இனிப் பொருள்தான் வேண்டும்" என்றார்.

இனி எங்கள் நீர்நிலையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் நீரையெல்லாம் கெஹெல்கமு ஓயா ஏந்திச்சென்று காசல்ரீயிற் சேர்க்கின்றது. மின்சாரத்தின் பொருட்டு அவ்வணை 1965இலும், மஸ்கெலியாப் பக்கத்து மவுசாகலை அணை 1969இலும் நிறைவேறின. மவுசாகலை நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மறைந்தது. நீர் வற்றும் காலங்களில் அந்நகரத்துக் கோயில் மீண்டும் வெளிப்படுவதை எங்கள் மக்கள் சென்று கண்டு வணங்கி வருவர். அதாவது, எங்கள் நீர்த்தேக்கங்கள் இயற்கையான ஏரிகள் அல்ல. நீரின் கீழே மேடும் சுவரும் மரக்கட்டையும் உள்ளன. காலையில் மூடுபனி, பிற்பகலில் மழை. இத்தகைய நீரிற் படகு செலுத்துவோனுக்கு முன்னே நோக்குதலே முதற்கடமை. ஆதலின் திரையை அழகுக்காக வைக்கும் ஒன்றாகக் கருதுதல் கூடாது.

அழகுக்காக வைத்தோரும் உளர் என்பதை மறுக்கவில்லை. இத்தாலி நாட்டில் இசெயோ ஏரிக்கரையிலுள்ள சர்னிக்கோ என்னும் ஊரில் ரீவா குடும்பத்தார் கட்டிய படகுகள் உலகப் புகழ் பெற்றவை. 1962இல் அவர்கள் வெளியிட்ட 'அக்குவாராமா' என்னும் படகின் திரை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை வளைந்து சூழ்ந்து நின்றது. அக்காலத்தில் மேனாடுகளிற் பரவிய 'சினெராமா' என்னும் அகன்ற திரைப்படத்தின் பெயரைத் தழுவியே அப்படகுக்குப் பெயர் வைத்தனர். அதற்கு முன்னைய படகுகளில் இரண்டு தட்டையான கண்ணாடிகளை உலோகச் சட்டத்தில் இட்டு, நடுவே கூராகச் சந்திக்குமாறு வைப்பது பெருவழக்கு. நமது பக்கத்திலும் இக்கலைக்கு உரியோர் இல்லாமலில்லை. 1926இற் கராச்சியிற் பிறந்த ரெனாட்டோ லெவி என்பார், பம்பாயிலே தம் குடும்பத்தாரின் தொழிற்சாலையில் விரைவுப் படகுகளை வரைந்து பழகிய பின்னரே இத்தாலிக்குச் சென்று பெரும்புகழ் எய்தினார். அவர் வரைந்த படகொன்று 1963இல் இங்கிலாந்தின் கவுஸ்–டோர்கி கடற்போட்டியில் முதலிடம் பெற்றது.

நிற்க. எங்கள் முதல் முயற்சி தோல்வியுற்றது. அதற்கு யானும் உடந்தை என்பதால் அதனை மறையாது எழுதுகின்றேன்.

படகின் பழைய ஆணித்துளைகள் இரு தட்டையான கண்ணாடிகளுக்கு உரியன என்று ஊகித்தோம். வீட்டுச் சாளரத்துக்கு இடும் கண்ணாடியை அளவாக வெட்டுவித்து, மரச்சட்டத்தின் கீழ்விளிம்பிற் பொருத்தினோம். மேல்விளிம்பு வெறுமனே நின்றது. "சாளரக் கண்ணாடி போதுமா?" என்று நண்பர் ஐயுற்றபோது, "காற்றுத்தானே, போதும்" என்று சொன்னவன் யானே. மூன்றாம் நாள், நண்பரின் தமக்கை மகன், என்னிடம் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் சிறுவன், கரையிலிருந்து படகுக்குட் கால்வைத்தான். படகு அசைந்தது. தடுமாறியவன் கைக்கு எட்டியதைப் பற்றினான். எட்டியது கண்ணாடியின் மேல்விளிம்பு. அது உடைந்து, நெடிய கூரிய துண்டொன்று புருவத்தின்மேற் கீறியது. ஒரு விரலகலம் கீழே இறங்கியிருப்பின் கண் போயிருக்கும். தையலிட்டுக் கட்டுடன் பாடசாலைக்கு வந்தவன், "சேர், எனக்கு ஒன்றுமில்லை" என்று என்னைத் தேற்றினான். அந்த வார்த்தை என்னைத் தேற்றவில்லை.

அதன் பின்னரே யாங்கள் முறையாகச் சிந்திக்கலானோம். முதலிற் காற்றின் விசையைக் கணக்கிட்டோம். படகு மணிக்கு 25 கடல்மைல் வேகத்திற் செல்கின்றது. எதிரே பலத்த காற்று வீசுகின்றது. இரண்டும் சேரத் திரையின்மேல் விநாடிக்கு 23 மீற்றர் வேகத்திற் காற்று மோதுகின்றது என்று கொள்வோம். காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ளமையால் அங்கே காற்றின் அடர்த்தி சிறிது குறைவு. திரையின் பரப்பு அரைச் சதுர மீற்றரளவு. கணித ஆசிரியர் போட்டுத் தந்த கணக்கின்படி, திரை முழுவதன்மேலும் விழும் விசை ஏறத்தாழ 15 கிலோகிராம் நிறைக்கு ஒப்பாகும். கொழுந்துக் கூடையொன்றின் பாரம், அதுவும் பரப்பு முழுவதிலும் பங்கிட்டு நிற்கும் பாரம். வேகம் இருமடங்காயின் விசை நான்மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் விளையாட்டுப் படகுக்கு இவ்வளவே. ஆனால், தடுமாறும் மனிதன் ஒருவன் பற்றும்பொழுது அவனுடைய உடற்பாரத்தின் பெரும்பகுதி, ஐம்பது அறுபது கிலோகிராம், நான்கு விரலகலமுள்ள ஓரிடத்தில் விழுகின்றது. ஆகவே திரையை உடைப்பது காற்றன்று, கை. திரை அமைப்போன் காற்றுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுக் கையை மறந்துவிடுகின்றான். யாங்களும் மறந்தோம்.

இதனால் இரண்டு முடிவுகளுக்கு வந்தோம். ஒன்று, உடையும்பொழுது வாள்போற் பிளக்கும் பொருளைத் திரைக்கு இடலாகாது. மற்றையது, கைக்கு உரிய பிடியைத் திரையிலன்றி வேறிடத்தில் வைக்கவேண்டும். பிடி அருகிலிருந்தாற் கை திரையை நாடாது. எனவே திரைக்குச் சற்று வெளியே, படகின் மேற்பலகையின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தோடு முடுக்கி, இரு பக்கத்திலும் இரு வெண்கலப் பிடிகளை வைத்தோம். திரை செய்வதற்கு முன்னரே பிடிகளை வைத்துவிட்டோம் என்பதைக் குறிப்பிட விரும்புகின்றேன்.

இனிப் பொருளைப் பற்றி. கண்ணாடி சிதறாதிருக்க வழி கண்டவருள் முதல்வர் பிரெஞ்சுக்காரரான எதுவார் பெனெதிக்தூஸ். 1903இல் அவரது ஆய்வுகூடத்திற் குடுவையொன்று உயரத்திலிருந்து விழுந்து விரிசலுற்றதாம். ஆயின் துண்டுகள் சிதறவில்லை. முன்னே அதனுள் இருந்த கொலோடியன் என்னும் திரவம் உலர்ந்து, உட்புறத்தே மெல்லிய தோல்போற் படிந்து துண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்தது. அதனைக் கண்ட அவர் இரு கண்ணாடிகளுக்கிடையே ஒரு மெல்லிய படலத்தை வைத்து ஒட்டும் முறையைக் கண்டு, 1909இல் உரிமை பெற்றார். மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடிகள் இன்றும் அந்நெறியிலேயே அமைகின்றன.

ஈண்டு ஓர் இடைப்பிறவரல். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் யூலியா மார்கிறெற் கமரன் என்னும் அம்மையார் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்திற் புகைப்படக் கலையில் ஒப்பற்ற பெயரெடுத்து, 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கே உயிர்நீத்தவர். அவர் காலத்துப் படப்பிடிப்பில், கண்ணாடித் தகட்டின்மேற் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, அஃது ஈரமாக இருக்கும்போதே படம்பிடித்தல் வேண்டும். அதே கொலோடியன்தான் பிற்காலத்திற் பெனெதிக்தூஸின் குடுவையைச் சிதறாது காத்தது. நாள்தோறும் அத்தேவாலயத்தின் வழியே போகும் எங்கள் மாணவருக்கு இதனைச் சொல்லாது விடுவது எப்படி?

ஒட்டுக்கண்ணாடி பாதுகாப்பானது, ஆயினும் வீட்டில் அதனை வளைத்தல் இயலாது, பாரமும் மிகுதி. எஞ்சியவை இரு செயற்கைப் பொருள்கள். ஒன்று அக்கிரிலிக், 'பேர்ஸ்பெக்ஸ்' என்று கடைகளிற் கேட்டாலும் தருவர். 1930களில் வழக்குக்கு வந்து, இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்குமேற் கூடாக அமைந்தது. கண்ணாடியிற் பாதிக்குக் குறைந்த நிறை. நேரே வரும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கைச் செல்லவிடும். போரில் அக்கூடு உடைந்து, அதன் சில்லுகள் சில விமானிகளின் கண்களுட் புகுந்தன. அச்சில்லுகளைக் கண் பகையாகக் கொள்ளாது ஏற்றுக்கொண்டதை இலண்டன் கண்வைத்தியர் ஹரல்ட் றிட்லி கவனித்தார். 1949இல் அதே பொருளிற் செயற்கை வில்லையைச் செய்து நோயாளியின் கண்ணுள் வைத்தார். கண்புரை நீக்கி வில்லை வைக்கும் இன்றைய சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. மதுரையில் 1992இல் தொடங்கப்பெற்ற அரோலாப் என்னும் நிறுவனம் அவ்வில்லைகளை ஏழைகளுக்கும் எட்டும் விலையிற் செய்தளித்து வருகின்றது. புருவம் கிழிந்த சிறுவனுக்கு இதனைச் சொன்னேன்; அவனுக்குத் தன் பாட்டியாரின் கண் நினைவுக்கு வந்தது.

மற்றையது பொலிகாபனேற்று. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. அதன் குறை, மேற்பரப்பு எளிதிற் கீறுப்படுதல். காப்புப் பூச்சு இல்லாதது வெயிலில் மஞ்சளித்தும் போகும். கீறுபட்ட திரையின்மீது மழைத்துளி விழுந்து எதிரே கதிரவனும் நின்றால் ஒன்றுமே தெரியாது. இதுபற்றி எனக்கும் நண்பருக்கும் ஒரு மாதம் வாதம் நிகழ்ந்தது. யான் பொலிகாபனேற்றை வேண்டினேன். நண்பர் அக்கிரிலிக்கை வேண்டினார். அக்கிரிலிக்கிற் கீறல் விழுந்தால் நுண்ணிய நீர்த்தாளால் தேய்த்து மெருகிட்டு மீட்கலாம் என்பது அவர் வாதம். பிடிகளை முன்னரே வைத்துவிட்டமையால் யான் இணங்கினேன். போட்டிக்குச் செல்லும் படகாயின் இணங்கியிருக்கமாட்டேன். வாங்கியது 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள வார்ப்புத் தகடு. அழுத்திப் பிதுக்கிச் செய்த தகடும் கடைகளில் உண்டு, விலை குறைவு, துளையிடும்போது உருகி ஒட்டும், விரிசலும் எளிதில் விழும்.

திரையின் உயரத்தை முடிவுசெய்வதிற் பெரும்பாலோர் தவறுவர். சாரதியின் கண்ணுக்கு நேரே மேல்விளிம்பு வரலாகாது. விளிம்பு கண்ணுக்கு நன்கு மேலே இருக்கவேண்டும், அல்லது நன்கு கீழே இருக்கவேண்டும். துடைப்பான் இல்லாத படகில் மழையிலும் பனியிலும் திரைக்கு மேலாக நோக்கினாலன்றி வழி தெரியாது. ஆதலின் எங்கள் படகிற் கண்ணுக்கு ஒரு சாண் கீழே விளிம்பை நிறுத்தினோம். இதற்குமுன் இருக்கையில் அமர்ந்து கண்ணுயரத்தை அளத்தல் வேண்டும். நின்று அளந்தாற் பயனில்லை. அன்றியும், வேகம் எடுக்கும்போது படகின் முனை எழும். ஐந்து பாகை எழுந்தாலும், மூன்று மீற்றர் முன்னேயுள்ள முனை 26 சென்ரிமீற்றரளவு உயர்ந்து பார்வையை மறைக்கும். திரையிற் குறை சொல்லுமுன் இருக்கையைச் சிறிது உயர்த்திப் பார்க்க.

"விளிம்பு கண்ணுக்குக் கீழே இருந்தாற் காற்று முகத்தில் அறையாதா?" என்று வினவலாம். அறையாது. திரை காற்றை நிறுத்துவதன்று, மேலே ஏவுவது. சாய்ந்த திரையில் ஏறும் காற்று விளிம்பைக் கடந்த பின்னும் சிறிது தூரம் மேல்நோக்கியே சென்று தலைக்குமேற் போய்விடும். அதன் கீழே காற்று அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கும். தலை அந்த அமைதிக்குள் இருந்தாற் போதும். இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரித் திரை செய்து, அதன் விளிம்பிலும் சாரதியின் தொப்பியிலும் தோளிலும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிப் படகைச் செலுத்துக. நூல் பின்னோக்கி நேரே நீண்டால் அங்கே காற்று ஓடுகின்றது. தளர்ந்து தொங்கினால் அமைதி. முன்னோக்கித் திரும்பினாற் சுழல். எங்கள் முதல் மாதிரியிற் சுழல் மிகுந்து இயந்திரப் புகையைச் சாரதியின் முகத்துக்கே கொண்டுவந்தது. திரையைப் பத்துப் பாகை கூடச் சாய்த்தபின் தீர்ந்தது.

சாய்வை மிகையாக்கினால் வேறொரு தீங்கு உண்டு. செங்குத்தான திரையில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு ஒளியே தெறித்துப் போகும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த திரையை நேரே ஊடுருவி நோக்கினால் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு ஒளி தெறித்துவிடும்; அதற்கு அப்பால் இழப்பு விரைந்து பெருகும். அன்றியும், உள்ளே உள்ள வெளிர்நிறப் பலகையின் சாயல் திரையில் நிழலாடும். 45 பாகைச் சாய்வே எங்களுக்குப் பொருந்தியது. கருவிகள் பொருத்திய பலகைக்குப் பளபளப்பில்லாக் கருநிறம் பூசினோம். மெருகெண்ணெய் பூசிய பலகை அழகாயிருக்கும் என்று நண்பர் சிறிது வருந்தினார்.

இப்பொழுது இவ்வேலையின் மிக நுட்பமான பகுதிக்கு வருகின்றோம். முன்னே வளைந்தும் பின்னே சாய்ந்தும் நிற்கும் திரையைத் தட்டையான தகட்டிலிருந்து வெட்டுவது எவ்வாறு? தேர்த்திருவிழாவிற் கடலை விற்போன் தாளைச் சுருட்டிக் கூம்பாக்குவதை நினைவிற் கொள்க. வளைந்து சாய்ந்த திரை அத்தகைய கூம்பின் ஒரு துண்டே. கடலை தின்றபின் தாளைப் பிரித்தால் அது தட்டையாகிவிடும். ஆகவே கூம்பைத் தட்டையான தகட்டிலிருந்து செய்யலாம். பந்தின் தோலை அவ்வாறு விரிக்க முடியாது. அதனாற் பந்துபோல் உப்பிய திரையை வீட்டிற் செய்ய எண்ணற்க. ஆனால், கூம்பை விரித்தால் வாய்விளிம்பு நேர்கோடாக வாராது, வில்லாக வளைந்து வரும். இதனை அறியாதோர் தகட்டின் அடியை நேராக வெட்டிவிடுவர். வளைத்துச் சாய்த்து நிறுத்தும்போது இரு முனையும் பலகையில் முட்டும். நடுவே கை புகும் அளவு இடைவெளி நிற்கும். விலை கொடுத்த தகடு வீணாகும்.

இடைவெளி எவ்வளவு என்று கேட்பின் எங்கள் படகையே சொல்கின்றேன். திரையின் அடி 1.2 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் பகுதி. இரு முனைக்கும் இடையே 1.5 மீற்றர், சாய்வு 45 பாகை. விரித்த வடிவில் அவ்வட்டத்தின் ஆரை 1.7 மீற்றராகின்றது. அடியின் நடு, முனைகளைவிட 19 சென்ரிமீற்றர் கீழே தொங்கவேண்டும். தட்டையான மேற்பலகைக்கே இக்கணக்கு. படகின் மேற்பலகை நடுவே உயர்ந்திருத்தலால் அவ்வளவிற் சிறிது குறையும். எவ்வளவு என்பதைக் கணக்கினாற் சொல்வது கடினம். வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அவர்கள் கண்ணளவாலும் அச்சுச் சட்டத்தாலும் எதனையும் சாதிப்பர். எங்களுக்கு அந்தக் கண் இல்லை. ஆகவே குளிர்சாதனப் பெட்டி வந்த தடித்த அட்டையை வாங்கி, கணக்கிட்ட வில்லை வரைந்து, இரண்டு விரலகலம் மிகையாக வெட்டி, உரிய சாய்வில் நிறுத்தி, ஒரு மரத்துண்டின்மேற் பென்சிலை வைத்துப் பலகையோடு ஒட்டி நகர்த்திக் கோடிட்டு, கோட்டின்படி மீண்டும் வெட்டினோம். நான்காவது அட்டையே சரியாக அமைந்தது. அட்டைக்கு விலையில்லை, தகட்டுக்கு விலையுண்டு.

வளைப்பதற்குச் சூடு வேண்டுமா? வார்ப்பு அக்கிரிலிக்கைக் குளிர்நிலையில் வளைக்கும்போது, வளைவின் ஆரை தடிப்பைப்போல் ஏறத்தாழ இருநூறு மடங்குக்குக் குறையலாகாது. 6 மில்லிமீற்றருக்கு 1.2 மீற்றர். எங்கள் கூம்பில் மிக நெருங்கிய வளைவு மேல்விளிம்பில் வருவது. 35 சென்ரிமீற்றர் மேலேறிய அவ்விளிம்பிற்கூட ஆரை 1.35 மீற்றர். ஆகவே சூடின்றியே வளைந்தது. அதற்கு முன்னர், தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் இயந்திரத்திலே தகட்டை வைத்து வளைக்கலாமே என்று ஒருவர் யோசனை கூறினார். அவ்வியந்திரத்திற் புகும் காற்று ஏறத்தாழ 100 பாகையளவினது. அக்கிரிலிக்கை உருவாக்க 150 பாகைக்கு மேல் வேண்டும். தகடும் வளையாது, கொழுந்தும் கெடும், துரையிடம் விடையும் சொல்லமுடியாது.

வெட்டுதல், துளைத்தல் ஆகியவற்றில் அவசரம் ஆகாது. தகட்டின்மேல் ஒட்டிய காப்புத் தாளைக் கடைசிவரை உரிக்கவேண்டாம். நுண்பல் வாளால் மெதுவாக அறுக்க. துளையிடும் அலகின் கூரைச் சிறிது மழுக்கிக்கொள்க. கூரிய அலகு தகட்டைக் கவ்வி ஈர்த்துப் பிளந்துவிடும். தகட்டின் அடியில் மரத்துண்டு இருத்தல் வேண்டும். அறுத்த விளிம்பை முதலில் அரத்தாலும், பின் நீர்த்தாளாலும் கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்க்க. விரிசல் யாவும் விளிம்பிலுள்ள சிறு கீறலிலிருந்தே தொடங்குகின்றன. அவ்வேலையைப் புருவத்திற் தழும்புள்ள சிறுவன் தானே கேட்டுப் பெற்று, நான்கு மாலைகள் இருந்து செய்து முடித்தான்.

துளை ஆணியைவிடப் பெரிதாயிருத்தல் வேண்டும். அக்கிரிலிக் வெப்பத்தால் விரிவது மிகுதி. பொகவந்தலாவையின் விடியற் குளிருக்கும், நண்பகல் வெயிலில் தகடு கொள்ளும் சூட்டுக்கும் 30 பாகை வேறுபாடு கொண்டால், 1.6 மீற்றர் நீளமுள்ள தகடு மூன்றரை மில்லிமீற்றரளவு நீளும். மரம் அவ்வாறு நீளாது. ஆணி இறுகப் பற்றியிருப்பின், நீள இடமின்றித் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் தோன்றும். 5 மில்லிமீற்றர் ஆணிக்கு 8 மில்லிமீற்றர் துளையிட்டு, றப்பர் வளையமிட்டு, கையால் முடுக்கி நிறுத்தினோம். நடுத்துளை ஒன்று மாத்திரம் அளவானது. தகடு அதிலிருந்து இரு பக்கமும் நீளட்டும். அடியில் றப்பர்ப் பட்டை இட்டோம். மென்மையான பிளாஸ்திக் பட்டையை இடலாகாது. அதனை இளக்கும் எண்ணெய் அக்கிரிலிக்கைத் தின்றுவிடும். மேல்விளிம்புக்கு அரைவட்ட அலுமினியச் சட்டமும், அதன்கீழ் றப்பரும் இட்டு, கூரான இடமெதுவும் இல்லாதபடி முனைகளை உருட்டினோம்.

துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோல், சாராயம் கலந்த திரவம், அமோனியா கலந்த கண்ணாடி மருந்து ஆகியவை தகட்டில் மயிரிழைபோன்ற வெடிப்புகளை உண்டாக்கும். கராஜில் வேலைசெய்வோருக்குப் பெற்றோல் தோய்ந்த துணியே முதலிற் கைக்கு வரும். நண்பரின் பயிலுநர்களுக்கு இதனை மும்முறை சொல்லவேண்டியிருந்தது. தூசியை நீரூற்றிக் கழுவியபின், மென்மையான சவர்க்கார நீரும் பருத்தித் துணியும் போதும். உலர்ந்த துணியால் துடைத்தல் உப்புத்தாளால் தேய்த்தலை ஒக்கும்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு காலை, பனி விலகிய பின்னர்ப் படகை இறக்கினோம். இருக்கையில் அமர்ந்த நண்பரின் தொப்பி தலையிலேயே இருந்தது. சட்டைக் கழுத்து அசையவில்லை. இடப்புறத்தே நீருக்கு ஒரு சாண் மேலே நின்ற மரக்கட்டையொன்றைத் திரைக்கு மேலாக நோக்கிக் கண்டு விலகினார். கரை சேர்ந்து இறங்குகையிற் சிறுவன் வெண்கலப் பிடியைப் பற்றினான். அவன் அதனை நினைந்து பற்றினானா, அன்றிக் கை தானே சென்றதா என்று கேட்டேன். எதைப் பற்றினான் என்பதே அவனுக்கு நினைவில்லை.

நான்காவது அட்டையை எறிய மனமின்றிப் பாடசாலைக்குக் கொண்டுசென்றேன். கூம்பின் பரப்பைக் கற்பிக்க வேண்டுமென்று கணித ஆசிரியர் அதனை இரவல் பெற்றுச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை. படகுக்குப் பெயரும் இன்னும் இடப்படவில்லை.